காங்கயம் கன்னுக்குட்டியும் கைப்பேசித் திரையும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் படம் வரையும் தம்பி தங்கைகள் எனக்கு எழுதும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான். "அண்ணா, வெப்காமிக்ஸ் ஆரம்பிச்சுட்டேனுங். நாலஞ்சு பாகம் போட்டாச்சு. இதை எப்படிங்க ப்ரமோட் பண்றது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கேயே விலாவாரியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரைந்து முடித்த கையோடு ப்ரமோஷனை ஆரம்பித்தால் ரொம்பத் தாமதம். கட்டம் போடும்போதே, வசனம் எழுதும்போதே அதில் பெரும்பங்கு நடந்து முடிந்திருக்கும். எந்த இடத்தில் ஒருத்தர் நிறுத்திப் பார்த்து, "அட, இது நம்ம ஊருல்ல" என்று தங்கச்சிக்கும் மாமனுக்கும் அனுப்புவாரோ, அந்த இடம் படத்துக்குள்ளே இருக்க வேண்டும். படத்தில் இல்லாததை எந்த ஹேஷ்டேக்கும் கொண்டுவந்து வைக்காது.

பகலில் நான் பம்ப் கேட்டலாக் வரைகிறவன். மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைத்தது மாதிரி இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங் என்று ஒவ்வொரு உருப்படிக்கும் எண் போட்டு வரைகிற வேலை. பொழுதோட வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கதை. காங்கயம் பக்கத்தில் ஒரு கொறங்காடு, அதை நம்பி ஒரு குடும்பம், கட்டுத்தரையில் நாலு உருப்படி. கொறங்காடு பார்த்திராதவர்களுக்காக: அது மழையை மட்டும் நம்பியிருக்கிற மேய்ச்சல் நிலம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. தலைமுறை தலைமுறையாக மாட்டுக்கென்றே விட்டு வைத்திருக்கிற காடு.

இதில் ஒரு சங்கதியை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். காங்கயம் கன்னு பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசம் போல ஆனதும் அந்தச் சிவப்பு வெளுத்து, சாம்பல் நிறம் ஏறிவிடும். என் கதையின் முதல் பாகத்தில் ஒரு செவலைக் கன்னு பிறக்கிறது. அதற்கப்புறம் "சில மாதங்கள் கழித்து" என்று எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை. முதலில் முகத்தில் கொஞ்சம் வெளுப்பு, அடுத்து விலாவில், பிறகு முதுகில் என்று பாகத்துக்குப் பாகம் நிறத்தை மாற்றிக்கொண்டே போனேன். மெட்ராஸ் நண்பர்கள் இதைக் கவனிக்கவே இல்லை. அவர்களுக்கு அது ஒரு மாடு, அவ்வளவுதான். வெள்ளகோவிலிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் எழுதினார்: "கன்னுக்கு நெறம் திரும்பிருச்சுங்களே, இனி மூக்கணாங்கயிறு எப்பங்க போடுவீங்க?" அந்த ஒரு வரி போதும் எனக்கு. அவர் அதைத் தன் மாட்டுக்காரர்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தார். காமிக்ஸ் என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று நினைக்கிற ஆட்கள் அவர்கள். அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள்தான் இன்றைக்கும் என் வாசகர்களில் கெட்டியானவர்கள்.

இந்த வழியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாக்பூர்க்காரர் ரோஹன் சக்ரவர்த்தி 2010-ல் 'கிரீன் ஹ்யூமர்' என்ற காட்டுயிர்ப் படத்தொடரை வலையில் ஆரம்பித்தார். தவளை, கழுகு, எறும்புதின்னி என்று ஒவ்வொன்றையும் இனம் தவறாமல் வரைவார். அந்தத் துல்லியத்துக்காகவே காட்டுயிர் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காமிக்ஸ் படிக்கிற கூட்டத்துக்கு வெளியே இருந்து வாசகர் வந்தார்கள், வேலையும் வந்தது. சரணாலயங்களுக்கான ஓவிய வரைபடங்கள்கூட அவர் கைக்குப் போயின. விஷயத்தை அறிந்தவன் நம்புகிற மாதிரி வரைந்தால் அந்த விஷயத்தை நேசிக்கிறவன் தேடிக்கொண்டு வருவான். மாடு வரையப் போகிறாயா, குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஒரு நாள் போய் நின்று பார். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஸ்கெட்ச் நோட்டோடு போ. தறி வரையப் போகிறாயா, சோமனூருக்குப் போ.

"எனக்கு அவ்வளவு நல்லா வரைய வராதுங்களே" என்று தயங்குகிறவர்களுக்கு: ரசிதா தனேஜா 2014-ல் தொடங்கிய 'சானிடரி பேனல்ஸ்' முழுக்கக் குச்சி மனிதர்கள்தான். அந்தக் குச்சி மனிதர்களை வைத்தே 2024-ல் கோஃபி அன்னான் பெயரிலான கார்ட்டூன் துணிச்சல் விருதை வாங்கினார். கோட்டின் அழகு ஒரு பாதி. சொல்ல ஒரு சங்கதி இருப்பது இன்னொரு பாதி.

இனி வசனம். இதைப் பற்றி நான் ராத்திரி முழுக்கப் பேசுவேன்.

வலையில் வரும் தமிழ்ப் படக்கதைகளைப் பாருங்கள். படம் பிரமாதமாக இருக்கும். வசனத்தில் எல்லாரும் செய்தி வாசிப்பார்கள். "நீங்கள் எங்கே சென்றுகொண்டிருக்கிறீர்கள்?" பேச்சுக் குமிழிக்குள் இதை அடைக்கவே முடியாது. 'சென்றுகொண்டிருக்கிறீர்கள்' ஒரே சொல். எங்கே உடைத்தாலும் அசிங்கமாக இருக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் போனில் தெரியாது, குமிழியைப் பெரிதாக்கினால் முகம் மறையும். அதையே "எங்கீங் போறீங்?" என்று எழுதிப் பாருங்கள். ரெண்டே ரெண்டு சொல், குட்டிக் குமிழி, படம் முழுசாகத் தெரிகிறது. பேசுகிற ஆள் பொள்ளாச்சியா பெருந்துறையா என்றுகூட ஊகிக்க முடிகிறது. நம்ம பேச்சு படக்கதைக்கென்றே வாய்த்த மாதிரி சுருக்கமான பேச்சு. என் கதையில் அம்மிச்சி பேசும் ஒரு கட்டம் இப்படி: "இவத்தைக்கு வா கண்ணு. சித்தெ ஒக்காரு. ஒறம்பரை வந்திருக்கறாங்கொ, காப்பி வெக்கோணும்." மூன்று குட்டிக் குமிழிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. கண் கீழே இறங்கும்போதே அம்மிச்சி சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

வட்டார வழக்கு வெளியூர்க்காரருக்குப் புரியாதே என்று பயப்படுகிறவர்கள் ஆர். சண்முகசுந்தரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1942-ல் 'நாகம்மாள்' வந்தபோதே கொங்குப் பேச்சை நாவலுக்குள் துணிந்து வைத்துவிட்டார். இன்றைக்கும் தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறார்கள். சந்தேகம் வரும்போது புரட்ட பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இருக்கிறது. என் மேசையில் இங்க் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதுதான் கிடக்கும்.

எழுத்துரு விஷயத்தில் இப்போது வசதிக்குக் குறைவில்லை. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவனார்' கையெழுத்துச் சாயலில் இருக்கும், மெல்லிய உணர்ச்சிகளுக்கு நன்றாகப் பொருந்தும். சத்தமாகப் பேசுகிற ஆளுக்கு 'பலூ தம்பி' கொழுக்மொழுக்கென்று நிற்கும். ரெண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், விற்கிற புத்தகத்திலும் பயன்படுத்தலாம். ஆனால் நீங்கள் வரைகிற செயலியில் முதலில் 'கொ', 'கெ', 'கை' மூன்றையும் தட்டிப் பாருங்கள். சிலவற்றில் கொம்பு தப்பான பக்கம் போய் நிற்கும். அப்படி நின்றால் படத்தை அங்கே வரைந்துவிட்டு எழுத்தை மட்டும் இன்க்ஸ்கேப்பில் போடலாம். ஒரு கட்டத்தில் கொம்பு தவறி நின்றால்கூட வாசகர் கதையை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்.

போன் திரைக்காக வரைவதைப் பற்றிச் சுருக்கமாக. கொரியாவின் நேவர் நிறுவனம் 2004-ல் வெப்டூனைத் தொடங்கியதிலிருந்து கட்டங்களை மேலிருந்து கீழே இறக்குவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தளத்தில் அகலம் 800 பிக்சல். நான் அதைப்போல் ரெண்டு பங்கில் வரைந்து சுருக்குகிறேன், புத்தகம் போட்டால் உதவும் என்று. ஆனால் நம்ம ஊர் வாசகர் வெப்டூன் தளத்துக்குப் போவதில்லை. அவருக்கு எல்லாம் வாட்ஸ்அப்தான். நீளமான படத்தை ஒரே கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீளத்தைச் சுருக்கும்போது அகலமும் சேர்ந்து சுருங்கி, எழுத்து பிசுபிசுத்துப் போகும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் நாலு சதுரக் கட்டத்தில் ஒரு சின்ன வடிவமும் செய்துவிடுகிறேன். பெயரையும் தள முகவரியையும் ஓரத்தில் போட்டால் யாராவது வெட்டிவிடுவார்கள், வேண்டுமென்றே இல்லாவிட்டாலும் நடக்கும். என் பெயர் படத்துக்குள்ளேயே இருக்கும்: தண்ணித் தொட்டியின் சுவரில், பஸ்ஸின் பின்பக்கத்தில், மூட்டையின் மேல் முத்திரையாக. அது எங்கே இருக்கிறது என்று தேடுவதே குழந்தைகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஒருத்தர் 'கொறங்காடு' என்று தேடினால் என் பக்கம் வர வேண்டுமென்றால் வசனம் முழுவதையும் படத்துக்குக் கீழே எழுத்தாகத் தட்டிப் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. அப்படிப் போட்டால் பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பு மென்பொருளும் கதையைச் சொல்லிவிடும். இதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

சரி, இவ்வளவையும் செய்துவிட்டால் ஆள் வந்துவிடுமா? இங்கேதான் எனக்கு மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற ஒரு கதை.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அறுபதுகளின் நடுவில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965-ல் அங்கே உடுக்கடித்துப் பாடிய, பொன்னர் சங்கர் சகோதரர்களின் அண்ணன்மார் கதையை இரவிரவாக உட்கார்ந்து ஒலிநாடாவில் பிடித்தார். அதை வைத்து 1982-ல் ஓர் ஆய்வு நூல், 1992-ல் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகள். அதோடு விடவில்லை. ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தோடு சேர்ந்து முழுக் கதையையும் 26 அத்தியாய அசைபடமாகவும், 26 பாகப் படக்கதையாகவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். பொன்னர், சங்கர், தங்கை, கொம்பன் பன்றி, தலையூர்க் காளி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒரு கிராமத்துப் பாட்டுக்காரரின் குரலிலிருந்து நேராகப் படத்துக்கு வந்த கதை அது. நம்ம மண்ணின் காவியத்துக்கு இவ்வளவு உழைப்போடு செய்த படக்கதை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதே காங்கயத்தில், தாராபுரத்தில் நான் விசாரித்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பொன்னர் சங்கர் என்றால் கலைஞரின் நாவலைச் சொல்வார்கள், 2011-ல் வந்த சினிமாவைச் சொல்வார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால், உடுக்கடிப் பாட்டே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. பாட்டுக்காரர் ஒரே ராத்திரியில் கதையை முடிப்பதில்லை. எங்கே நிறுத்தினால் நாளைக்கும் கூட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். அவர் பக்கத்தில் பின்பாட்டுக்கு இன்னொருத்தர் இருப்பார். ஆமாம் போடுவார், கேள்வி கேட்பார், சொன்னதையே திருப்பிச் சொல்லி அழுத்துவார். அந்த ரெண்டாவது ஆள் இல்லாமல் கதை நகராது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் யாரென்றும் பாடுகிறவருக்குத் தெரியும். புத்தகமாகவோ வீடியோவாகவோ மொத்தமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டால் எவ்வளவு நல்ல கதையானாலும் அந்தப் பின்பாட்டுக்காரர் இல்லாமல் போய்விடுகிறார்.

பின்பாட்டுக்காரர்களைச் சேர்த்துக் காட்டியவர் சிவகாசியில் இருக்கிறார். 1972-ல் சௌந்திரபாண்டியன் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அவருடைய மகன் எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். நடுவில் ரொம்பத் தடுமாறிய அந்தக் கம்பெனி 2012-ல் திரும்பி எழுந்து வந்ததற்கு, ஆசிரியரே எழுதுகிற வலைப்பூவும் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். அடுத்து என்ன வருகிறது, எது தாமதம், பேப்பர் என்ன விலை ஏறியது என்று எல்லாவற்றையும் வாசகரிடம் கொட்டிவிடுவார். கீழே ஆட்கள் சண்டை போடுவார்கள், அட்டைப்படம் பிடிக்கவில்லை என்பார்கள், பழைய கதையைத் திரும்பப் போடச் சொல்வார்கள், அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். 'இரத்தப் படலம்' வண்ணத் தொகுப்பு 2018-ல் வந்தது அப்படித்தான்: முன்கூட்டியே பணம் கட்டிக் காத்திருந்த வாசகர்களுக்காக.

அந்த வாசகர்கள் கூடுகிற இடம் நம்ம ஈரோடு. மக்கள் சிந்தனைப் பேரவை 2005-லிருந்து ஆகஸ்டில் நடத்துகிற புத்தகத் திருவிழாவை ஒட்டி காமிக்ஸ் வாசகர்கள் சந்தித்துக்கொள்வார்கள். தலை நரைத்தவர்கள், வேட்டி கட்டியவர்கள், ஸ்கூல் யூனிஃபார்மோடு பேரனைக் கூட்டிவந்தவர்கள். ஒருத்தர் டெக்ஸ் வில்லரின் குதிரையைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், இன்னொருத்தர் அதை மறுப்பார். தமிழில் காமிக்ஸுக்கு ஆளில்லை என்று சொல்கிறவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். என் கதையின் முதல் நாலு பாகத்தைக் கறுப்பு வெள்ளையில் சின்னப் புத்தகமாக டிஜிட்டல் அச்சில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் நான் ஈரோட்டுக்குப் போவேன். கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவிலும் அதேதான். கையில் கொடுத்து, முதல் பக்கத்தை அவர்கள் புரட்டும்போது முகத்தைப் பார்ப்பேன். எந்தக் கட்டத்தில் கண் நிற்கிறது, எங்கே தாண்டிப் போகிறது என்று இன்ஸ்டாகிராம் எனக்குச் சொன்னதே இல்லை.

பணம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். விளம்பரத்தில் ஒன்றும் தேறாது. வெளிநாட்டில் 2012-ல் ரிச் பர்லூ தன் 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' வெப்காமிக்ஸின் பழைய தொகுதிகளைத் திரும்ப அச்சிட வாசகரிடம் கேட்டபோது பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது; அதுவும் குச்சி மனிதர்கள்தான், ஆனால் பல வருஷமாகத் தொடர்ந்து வந்த கதை. பேட்ரியான் மாதிரி மாதச் சந்தாவை நம்பி இங்கே இறங்குவது சிரமம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தொடர்கட்டண விதி வந்த பிறகு இந்திய கார்டுகளில் அது ஒழுங்காக ஓடுவதே பாடு. நமக்குத் தோதானது கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஒரு யுபிஐ க்யூஆர். இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் என்று வரும். வருஷத்துக்கு ஒரு புத்தகம் போட்டு முன்பதிவில் விற்பது அதைவிட நல்லது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். சம்பளம் இருந்தால்தான் கதையை யாருக்காகவும் வளைக்காமல் இருக்கலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுவது? ரேண்டல் மன்ரோ 2005-லிருந்து 'எக்ஸ்கேசிடி'யை வாரம் மூன்று நாள் போடுகிறார். நமக்கு அது ஆகாது. மாசம் ஒன்று என்றாலும் சரி, ஆனால் அந்த நாள் மாறக் கூடாது. நான் அமாவாசைக்குப் போடுகிறேன். எங்க பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த நாளை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் கதையில் அப்பாரு தன் பேரனுக்கு அண்ணன்மார் கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறார். அடுத்த சில பாகங்களை சாம்புகனின் கண்வழியாக வரையப் போகிறேன். அண்ணன்மாரோடு கடைசிவரைக்கும் நின்றவன், தப்படிப்பவன், ஒடுக்கப்பட்ட சாதிக்காரன். பாட்டில் அவன் எல்லா இடத்திலும் வருகிறான். ஆனால் படமாக வரும்போது ஓரத்துக்குப் போய்விடுகிறான். நம்ம வட்டாரத்தில் சாதியைத் தொட்டு எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'மாதொருபாகன்' நாவல் விவகாரத்தில் 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகுதான் திரும்ப எழுத வந்தார். 2017-ல் ஒரு கார்ட்டூனுக்காக ஓவியர் பாலாவைச் சென்னையில் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். தனியாக வலையில் வரைகிறவனுக்குப் பின்னால் ஆசிரியர் குழு கிடையாது, வக்கீல் கிடையாது. வாசகர்தான் இருக்கிறார். அதனால்தான் வாசகரை முகம் தெரிந்து சேர்க்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

இந்தப் பாகங்களுக்காக உங்களிடம் ஓர் உதவி. உங்கள் ஊரில் இன்னமும் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிற ஆட்கள் இருந்தால், கதையின் போர்க்கள முடிவை நடித்துக் காட்டுகிற படுகளம் நடக்கிற கோயில் இருந்தால், ஊர்ப் பெயரையும் நோம்பி நாளையும் எனக்கு எழுதுங்கள். சாம்புகன் வருகிற இடத்தை ஒவ்வொரு ஊரிலும் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வரைய வேண்டும். மாசிக்குள் தெரிந்தால் நல்லது, அண்ணன்மாருக்கான வீரப்பூர் திருவிழாவுக்கும் அப்போதுதான் போகிறேன். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.